விலை குறைந்த இன்ஜின் ஆயிலை டிராக்டரிலும் லோடு வண்டியிலும் ஊற்றலாமா?

பண்ணை இயந்திரப் பயிற்சி முகாம் எங்கே நடத்தினாலும், மதியச் சாப்பாடு முடிந்த பிறகு ஒருவராவது தனியாக வந்து கேட்கும் கேள்வி இது. "சார், கம்பெனி ஆயில் லிட்டர் நானூறு ரூபாய் சொல்றாங்க. டவுன்ல ஸ்பேர் பார்ட்ஸ் கடையில அவங்க பேர் போட்ட ஆயில் இருநூத்தி முப்பதுக்குத் தர்றாங்க. ஊத்தினா இன்ஜின் போயிடுமா?"

விலையை மட்டும் கேட்டுவிட்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்த வாளியின் பின்பக்கம் என்ன அச்சடித்திருக்கிறது, உங்கள் வண்டி எந்த வருடத்தது, கையேட்டில் என்ன போட்டிருக்கிறது என்ற மூன்றும் தெரிந்தால் பதில் சொல்லிவிடலாம். பெரும்பாலான பழைய டிராக்டர்களுக்கு, சரியான தரக் குறியீடு உள்ள மலிவு ஆயில் போதும். 2020-க்குப் பிறகு வாங்கிய லோடு வண்டிக்கு அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். காரணத்தைக் கீழே பாருங்கள்.

வாளிக்குள் இருப்பது என்ன?

எந்த இன்ஜின் ஆயிலிலும் முக்கால் பங்குக்கு மேல் இருப்பது அடிப்படை எண்ணெய். கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைப்பது அது. நம் மாநிலத்தில் மணலி சுத்திகரிப்பு ஆலையிலேயே தயாராகிறது. மீதிப் பங்கு ரசாயனக் கலவை. கரியைக் கட்டியாகாமல் பிரித்து வைத்திருப்பது, அமிலத்தை முறிப்பது, தேய்மானத்தைத் தடுப்பது, துரு பிடிக்காமல் காப்பது, சூட்டில் ஆயில் தண்ணீராக இளகிவிடாமல் பார்ப்பது எல்லாம் இந்தக் கலவையின் வேலை. உலகத்தில் இந்தக் கலவையைப் பெரிய அளவில் தயாரிப்பவை நான்கு கம்பெனிகள்தான். பிரபலமான பிராண்டும், கடைக்காரர் பெயரில் வரும் ஆயிலும் பல நேரம் இதே இடங்களில் இருந்து சரக்கு வாங்கித்தான் கலக்கின்றன. டிராக்டர் கம்பெனி பெயர் போட்ட 'ஜெனுயின்' ஆயிலையும் டிராக்டர் கம்பெனி காய்ச்சுவது கிடையாது. ஏதாவது ஓர் ஆயில் கம்பெனியிடம் சொல்லித் தயாரித்துத் தன் பெயரை ஒட்டி விற்கிறது.

எனவே கடைப் பெயர் போட்ட ஆயில் என்பதாலேயே அது மட்டம் ஆகிவிடாது. அமெரிக்காவில் வால்மார்ட் என்ற பெரிய அங்காடி 'சூப்பர் டெக்' என்று தன் சொந்தப் பெயரில் டீசல் இன்ஜின் ஆயில் விற்கிறது. அங்குள்ள விவசாயிகளும் லாரி ஓட்டுபவர்களும் அதைத் தாராளமாக வாங்கி ஊற்றுகிறார்கள். அதே நாட்டில் வேறொரு மலிவு விலை அங்காடி, பல பத்தாண்டுகளுக்கு முன்பே காலாவதியான தரத்தில் தன் பெயரில் ஆயில் விற்றது என்று வழக்கு வந்து, வாடிக்கையாளர்களுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டியதாயிற்று. இரண்டும் கடைப் பெயர் ஆயில்தான். ஒன்றில் இன்றைய தரக் குறியீடு இருந்தது, மற்றதில் இல்லை. சட்டப்படி அந்த இரண்டாவது வாளியிலும் 'புதிய வண்டிகளுக்கு ஏற்றதல்ல' என்று பின்பக்கம் சின்ன எழுத்தில் போட்டுத்தான் விற்றார்கள். யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

வாளியைத் திருப்பிப் பாருங்கள்

ஏ, பி, ஐ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தேடுங்கள். அமெரிக்கப் பெட்ரோலியம் நிறுவனத்தின் சுருக்கம் அது. உலகம் முழுக்க இன்ஜின் ஆயில் தரத்தைக் காட்ட இந்தக் குறியீட்டைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். ஏபிஐ என்பதற்குப் பக்கத்தில் ஒரு ஜோடி எழுத்து இருக்கும். 'எஸ்' என்று தொடங்கினால் பெட்ரோல் இன்ஜினுக்கு. 'சி' என்று தொடங்கினால் டீசல் இன்ஜினுக்கு. வெறும் 'எஸ்' வரிசை மட்டும் போட்ட மோட்டார் பைக் ஆயிலை டிராக்டரில் ஊற்றாதீர்கள். அடர்த்தி எண் 20டபிள்யூ-40 என்று ஒன்றாக இருக்கிறதே என்று சிலர் ஊற்றிவிடுகிறார்கள். டீசல் இன்ஜினில் சேரும் கரியைத் தாங்கும் சரக்கு அதில் போதாது.

'சி'க்கு அடுத்த எழுத்து எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு புதிய தரம். சிஎஃப்-4 வந்தது 1990-ல். சிஎச்-4 1998-ல். சிஐ-4 2002-ல். சிஜே-4 2006-ல். சிகே-4 2016 இறுதியில். பழைய டீசல் இன்ஜினில் புதிய சி-வரிசை ஆயில் ஊற்றலாம். புதிய இன்ஜினில் பழைய தரத்தை ஊற்றக் கூடாது. இதில் ஒரே விதிவிலக்கு எஃப்ஏ-4. அது புதிய வகை லாரி இன்ஜின்களுக்காக வந்த இளக்கமான ஆயில். நம் டிராக்டருக்கு வேண்டாம்.

சிசி, சிடி என்று மட்டும் போட்ட வாளி இன்றும் சில கடைகளில் இருக்கிறது. சிசி 1990-க்குப் பிறகு வந்த டீசல் இன்ஜின்களுக்கும், சிடி 1994-க்குப் பிறகு வந்தவற்றுக்கும் ஏற்றதல்ல என்று ஏபிஐ தன் அட்டவணையில் எழுதி வைத்திருக்கிறது. 'டிராக்டர் ஸ்பெஷல்', 'ஹெவி டியூட்டி', 'சூப்பர் பவர்' என்று முன்பக்கம் எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும், பின்பக்கம் இந்த எழுத்துதான் இருக்கிறது என்றால் அது முப்பது வருடப் பழைய சரக்கு. எழுத்தே இல்லை என்றால் அந்த வாளியைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

இன்னொரு நுணுக்கம். சில வாளிகளில் ஏபிஐ எழுத்துகள் ஒரு வட்ட முத்திரைக்குள் இருக்கும். மேல் வளையத்தில் தரம், நடுவில் அடர்த்தி எண். இது உரிமம் பெற்ற முத்திரை. அந்த நிறுவனம் கடைகளில் இருந்து ஆயிலை வாங்கிச் சோதித்தும் பார்க்கிறது. முத்திரை இல்லாமல் 'ஏபிஐ சிஐ-4 தரத்துக்கு இணையானது' என்ற வாக்கியம் மட்டும் இருந்தால், அது தயாரிப்பாளர் தானே சொல்லிக்கொள்வது. பொய் என்று சொல்ல வரவில்லை. நம் நாட்டு நல்ல கம்பெனிகள் பலவும் அப்படித்தான் போடுகின்றன. ஆனால் பெயரே கேள்விப்படாத கம்பெனி அப்படிச் சொன்னால், நம்புவதற்கு வேறு ஆதாரம் கேளுங்கள். இந்தியத் தர எண் ஐஎஸ் 13656 போட்டிருக்கிறதா, டிராக்டர் அல்லது இன்ஜின் கம்பெனி எதுவும் ஒப்புதல் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடர்த்தி எண்ணைப் பற்றி நிறையச் சண்டை நடக்கிறது. 15டபிள்யூ-40 நல்லதா, 20டபிள்யூ-40 நல்லதா என்று. கடைசியில் உள்ள 40 என்பது இன்ஜின் சூடேறிய நிலையில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைக் காட்டுகிறது. இரண்டிலும் அது ஒன்றே. முன்னால் உள்ள எண் குளிர்காலத்துக்கு. 15டபிள்யூ ஆயிலை மைனஸ் 20 டிகிரியிலும், 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். ஊட்டியில் உறைபனி விழும் காலையில்கூட அந்தக் குளிர் வராது. தஞ்சாவூரிலும் தர்மபுரியிலும் இதற்காகக் கவலைப்பட வேண்டியதே இல்லை. கையேட்டில் எது இருக்கிறதோ அதை வாங்குங்கள்.

எந்த வண்டிக்கு எது?

கிணற்றில் ஓடும் பழைய மெதுவேக ஆயில் இன்ஜினுக்குக் கையேட்டில் எஸ்ஏஇ 30 அல்லது 40 என்ற ஒற்றை எண் ஆயில்தான் சொல்லியிருப்பார்கள். அதற்கு விலை உயர்ந்த ஆயில் ஊற்றி ஒரு லாபமும் இல்லை.

பத்துப் பதினைந்து வருடமாக ஓடும் 35 முதல் 50 குதிரைத் திறன் டிராக்டர்களில் கையேடு பெரும்பாலும் சிஎஃப்-4 அல்லது சிஎச்-4 கேட்கும். இந்த இடத்தில்தான் மலிவு ஆயில் உங்களுக்கு உண்மையாகவே உதவும். சிஐ-4 போட்ட, தயாரிப்பாளர் முகவரி தெளிவாக உள்ள கடைப் பெயர் ஆயில் கிடைத்தால் தைரியமாக வாங்கலாம். கையேடு கேட்டதைவிட மேலான தரம் அது.

50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் டிரெம்-4 புகை விதி நடைமுறையில் இருக்கிறது. லோடு வண்டி, லாரி எல்லாவற்றுக்கும் 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ்-6. இந்த விதிக்காகப் பல வண்டிகளின் புகைக்குழாயில் கரி வடிகட்டி வைத்திருக்கிறார்கள். அதில் சேரும் கரியை வண்டி தானே அவ்வப்போது எரித்துக்கொள்ளும். ஆனால் இன்ஜினுக்குள் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக எரியும்போது, அதில் உள்ள ரசாயனத்தின் உலோகச் சாம்பலும் அந்த வடிகட்டிக்குத்தான் போகிறது. சாம்பல் எரியாது. அங்கேயே அடைத்துக்கொள்ளும். அதனால்தான் சிஜே-4, சிகே-4 ஆயில்களில் சாம்பல் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். சிஐ-4 ஆயிலுக்கு அந்த வரம்பு இல்லை. எனவே பழைய டிராக்டருக்கு நல்லது என்று நான் சொன்ன அதே சிஐ-4 ஆயில், உங்கள் புதிய லோடு வண்டிக்குக் கேடு. வீட்டில் ஒரே வாளி வாங்கி டிராக்டருக்கும் வண்டிக்கும் சேர்த்து ஊற்றுபவர்கள் இதைக் கவனியுங்கள். இன்ஜின் உடனே நின்றுவிடாது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கழித்து மீட்டரில் விளக்கு எரியும், இழுவை குறையும், வடிகட்டி மாற்ற ஆகும் செலவைக் கேட்டால் மயக்கம் வரும். ஒரே ஆயில்தான் வாங்குவேன் என்றால் வண்டிக் கையேடு கேட்கும் சிகே-4 ஆயிலையே டிராக்டருக்கும் ஊற்றிவிடுங்கள். மாற்றிச் செய்யாதீர்கள்.

வாரண்டி முடியும் வரை ஷோரூமில் கொடுக்கும் ஆயிலையே ஊற்றி, பில்லைப் பத்திரமாக வையுங்கள். குறியீடு சரியாகத்தானே இருந்தது என்று பிறகு வாதாடிக்கொண்டிருக்க உங்களுக்கு நேரம் கிடையாது.

நான் தவறாகச் சொன்ன ஒரு கதை

சில வருடங்களுக்கு முன்பு டெல்டாவில் ஒரு விவசாயி கூப்பிட்டார். 42 குதிரைத் திறன் டிராக்டர். வாடகைக்கும் ஓட்டுவார். அந்த வருடம்தான் கடைப் பெயர் ஆயிலுக்கு மாறியிருந்தார். ஆறு மாதத்தில் புகை நீலமாக வர ஆரம்பித்தது. ஆயில் குறைந்துகொண்டே போனது. ரோட்டாவேட்டர் போட்டால் இழுக்கவில்லை. இன்ஜினைப் பிரித்ததில் நான்கு லைனரும் தேய்ந்திருந்தன, ரிங்குகள் கத்தி முனைபோல் ஆகியிருந்தன. மெக்கானிக் ஆயிலைக் குற்றம் சொன்னார். போனில் கேட்ட நானும் யோசிக்காமல் அதையே சொன்னேன். "முந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய்..." என்று கொஞ்சம் கண்டிப்பாகவே பேசிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கம் போக வேண்டியிருந்ததால் நேரில் போய்ப் பார்த்தேன். கழற்றி வைத்திருந்த காற்றுக் குழாயைக் கையில் எடுத்து உள்ளே விரலை விட்டால் செம்மண் பவுடர்போல் ஒட்டியது. ஏர் கிளீனரில் இருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் கிளாம்ப்புக்கு அடியில் வெடித்திருந்தது. வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. கோடை உழவு முழுக்க அந்த வெடிப்பு வழியாகப் புழுதி நேராக சிலிண்டருக்குள் போயிருக்கிறது. புழுதியில் இருக்கும் மணல் துகள் லைனர் இரும்பைவிடக் கடினமானது. அது உள்ளே போன பிறகு நானூறு ரூபாய் ஆயிலாக இருந்தாலும், ஆயிரம் ரூபாய் ஆயிலாக இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. மீதம் இருந்த வாளியைப் பார்த்தேன். சிஐ-4, வட்ட முத்திரை, எல்லாம் சரியாகவே இருந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். "அட, நீங்க என்ன பண்ணுவீங்க சார், ஹோஸுக்கு எண்பது ரூபா, நான் பார்க்கலியே" என்றார். இன்ஜின் வேலைக்கு அவர் நகை வைத்துத்தான் பணம் புரட்டினார்.

அதிலிருந்து ஆயிலைப் பற்றிக் கேட்பவர்களிடம் முதலில் நான் திருப்பிக் கேட்பது ஏர் கிளீனரைப் பற்றித்தான். ஆயில் ஊற்றும் வகை ஏர் கிளீனர் என்றால், புழுதி உழவு நாட்களில் தினமும் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். அடியில் சேறு படிந்திருந்தால் கொட்டிவிட்டுக் கோடு வரை புது ஆயில் ஊற்றுங்கள். கோட்டுக்குக் குறைந்தால் தூசி தப்பிப் போகும், கூடினால் இன்ஜின் அந்த ஆயிலையே உறிஞ்சும். பேப்பர் வடிகட்டி என்றால் தரையில் தட்டாதீர்கள், டீசலில் கழுவாதீர்கள். உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் குறைந்த காற்று அழுத்தத்தில் ஊதுங்கள். ஹோஸை இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள், வெடிப்பு அப்போதுதான் வாய் திறக்கும்.

எவ்வளவு மிச்சம் ஆகும்?

ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் டிராக்டருக்கு 7 லிட்டர் ஆயில் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 170 ரூபாய் வித்தியாசம் என்றால் ஒரு தடவைக்கு 1,190 ரூபாய். வருடம் 600 மணி நேரம் ஓட்டி, 250 மணிக்கு ஒரு முறை மாற்றினால் இரண்டு அல்லது மூன்று தடவை. ஆக 2,400 முதல் 3,600 ரூபாய் வரை மிச்சம். அதே 600 மணி நேரத்துக்கு மணிக்கு 4 லிட்டர் டீசல் என்றால் 2,400 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று போட்டாலும் 2,16,000 ரூபாய்.

மூவாயிரம் ரூபாய் சின்னத் தொகை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. சரியான குறியீட்டில் மலிவாகக் கிடைத்தால் அந்தப் பணம் உங்கள் பையில்தான் இருக்க வேண்டும். ஆனால் நான் பார்த்தவரை, விலை உயர்ந்த ஆயில் ஊற்றியவர்கள்தான் "நல்ல ஆயில், இன்னும் ஐம்பது மணி தாங்கும்" என்று தள்ளிப்போடுகிறார்கள். 250 மணிக்குச் சரியாக மாற்றிய மலிவு சிஐ-4 ஆயில், 450 மணி ஓடிய உயர்ந்த ஆயிலைவிட உங்கள் இன்ஜினுக்கு நல்லது. மணி மீட்டர் வேலை செய்யவில்லை என்றால் டீசல் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 4 லிட்டர் பிடிக்கும் வண்டி என்றால், ஆயிரம் லிட்டர் டீசல் போட்டதும் ஆயில் மாற்றும் நேரம் வந்துவிட்டது. உங்கள் கையேட்டில் 250-க்குப் பதில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். புது டிராக்டருக்கும், இன்ஜின் வேலை பார்த்த டிராக்டருக்கும் முதல் மாற்றம் இதைவிட மிகச் சீக்கிரம் வரும்.

ஆயில் மாற்றும்போது ஃபில்டரையும் மாற்றுங்கள். ஆயிலில் மிச்சம் பிடித்தாலும் ஃபில்டரில் பிடிக்காதீர்கள். உள்ளே இருக்கும் காகிதம் பசை விட்டுப் போன மட்டமான ஃபில்டரைப் பலமுறை அறுத்துப் பார்த்திருக்கிறேன். அது இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று. புது ஃபில்டர் போட்டு ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பிரஷர் விளக்கு அணையும் வரை ஆக்சிலரேட்டரைத் தொடாதீர்கள்.

பயப்பட வேண்டியது போலிக்கு

மலிவு ஆயிலைவிட என்னைப் பயமுறுத்துவது, விலை உயர்ந்த பிராண்டின் கேனில் அடைத்து வரும் பழைய ஆயில். இன்ஜினில் இருந்து இறக்கிய கழிவு ஆயிலை அமிலமும் களிமண்ணும் போட்டுத் தெளிய வைத்து, சாயம் சேர்த்து, பிரபலமான பெயருள்ள கேனில் நிரப்பி விற்கிறார்கள். பார்க்கத் தேன் நிறத்தில் அழகாக இருக்கும். ரசாயனக் கலவை ஒன்றும் இருக்காது. கழிவு ஆயிலை முறையான ஆலையில் மறுசுத்திகரிப்புச் செய்து, புதிதாக ரசாயனம் சேர்த்து விற்பது வேறு விஷயம். அது நல்ல ஆயில்தான்.

காயலான் கடையில் பிளாஸ்டிக் எடை போட்டுத்தான் வாங்குவார்கள். ஆனால் சில பிராண்டுகளின் காலிக் கேனுக்கு, மூடியோடு நசுங்காமல் இருந்தால், எடை போடாமலே நல்ல விலை கொடுக்கிறார்கள். எதற்கு என்று யோசித்துப் பாருங்கள்.

வாங்கும்போது மூடியைத் திறந்து உள்ளே அலுமினியத் தாள் சீல் முழுசாக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கேனில் அச்சடித்த பேட்ச் எண், தயாரித்த மாதம் வருடம், விலை, அளவு, தயாரிப்பாளர் முழு முகவரி, புகார் எண் இவையெல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். தேதி அழிந்திருந்தாலோ, ஸ்டிக்கரின் மேல் ஸ்டிக்கர் இருந்தாலோ வேண்டாம். சில கம்பெனிகள் சுரண்டிப் பார்க்கும் எண்ணோ கட்டக் குறியீடோ வைத்திருக்கின்றன. கடையிலேயே நின்று போனில் சரிபாருங்கள். பேரலில் இருந்து அளந்து ஊற்றும் லூஸ் ஆயில் எவ்வளவு தெரிந்த கடையாக இருந்தாலும் வேண்டாம். பொதுத்துறை எண்ணெய் கம்பெனிகளின் ஆயிலை அவர்களுடைய பெட்ரோல் பங்கிலேயே பில்லோடு வாங்கினால் போலிக்கு வாய்ப்புக் குறைவு. விலையும் பல நேரம் நடுத்தரமாகவே இருக்கும்.

மெக்கானிக் சொல்லும் பிராண்டையே வாங்குவது பலருக்குப் பழக்கம். தவறில்லை. ஆனால் சில கேன் மூடிக்குள் மெக்கானிக்குக்கென்று கூப்பன் வைத்திருப்பார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஊற்றிய பிறகு எப்படிக் கவனிப்பது?

புது ஆயில் ஊற்றிப் பத்து மணி நேரத்தில் கறுத்துவிட்டது, எனவே மட்டமான ஆயில் என்று பலர் சொல்கிறார்கள். டீசல் இன்ஜினில் நல்ல ஆயில் கறுக்கத்தான் செய்யும். கரியை இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. நூறு மணி ஓடியும் தெளிவாகவே இருக்கிறது என்றால்தான் நான் சந்தேகப்படுவேன். கரி எல்லாம் உள்ளே படிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து "பவர் போயிடுச்சு" என்று சொல்வதும் வெறும் பழக்கம். விரலுக்கு அவ்வளவு நுட்பம் கிடையாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. சூடான இன்ஜினை நிறுத்தி, டிப் ஸ்டிக் கம்பியில் இருந்து ஒரு சொட்டை வெள்ளை வடிகட்டித் தாளில் விட்டு, தாளை அந்தரத்தில் ஒரு நாள் வையுங்கள். கருமை நடுவில் இருந்து வெளியே மெல்ல மங்கிப் பரவியிருந்தால் ஆயில் இன்னும் கரியைத் தாங்குகிறது. நடுவில் கெட்டியான கறுப்புப் பொட்டும் அதைச் சுற்றி வெளுத்த வளையமும் இருந்தால் அதன் வேலை முடிந்துவிட்டது. உடனே மாற்றுங்கள். பிராண்டை மாற்றிப் பார்ப்பவர்கள் இரண்டு ஆயிலையும் ஒரே மணிக்கணக்கில் இப்படிச் சொட்டு விட்டுத் தேதி எழுதி வைத்துக்கொண்டால் யார் சொல்வதையும் நம்ப வேண்டியதில்லை.

தினமும் காலையில் டிப் ஸ்டிக் பாருங்கள். அளவு குறைந்தால் கவலைப்படும் நாம், கூடினால் சந்தோஷப்படுகிறோம். கூடுவதுதான் ஆபத்து. டீசலோ, ரேடியேட்டர் தண்ணீரோ ஆயிலில் கலக்கிறது. கம்பியை மோந்து பார்த்தால் டீசல் வாடை தெரியும். மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர். இரண்டில் எதுவாக இருந்தாலும் அந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். கரி வடிகட்டி உள்ள புதிய வண்டிகளில், கரியை எரிக்க அதிகப்படியாகத் தெளிக்கும் டீசல் ஆயிலில் இறங்குவது உண்டு. கிராமத்துக்குள்ளேயே குறுகிய தூரம் ஓடும் வண்டிகளில் இது அதிகம்.

அளவு குறைந்தால் அதே தரக் குறியீடுள்ள வேறு பிராண்டை மேலே ஊற்றிக்கொள்ளலாம். சரியான ஆயில்கள் ஒன்றோடு ஒன்று கலந்தால் திரிந்துவிடாது. ஆனால் சின்ன பாட்டிலில் 'இன்ஜின் டானிக்' என்று விற்பதை வாங்கிச் சேர்க்காதீர்கள். அதேபோல் கியர் பெட்டி, ஹைட்ராலிக், ஆயிலில் மூழ்கிய பிரேக் உள்ள பின்பக்கத்தில் மீந்த இன்ஜின் ஆயிலை ஊற்றாதீர்கள். அதற்குத் தனி ஆயில். பிரேக் கீச்சிடும், பிடிக்காமலும் போகும்.

இறக்கிய ஆயிலை என்ன செய்வது?

வேலிக் கல்லுக்கு அருகில் கொட்டுவது, கரையான் பிடிக்காமல் இருக்கக் கம்பங்களுக்குப் பூசுவது, மாட்டுப் புண்ணுக்குத் தடவுவது என்று நம் ஊரில் கழிவு ஆயிலுக்கு நூறு உபயோகம். மாட்டுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் இன்ஜினில் தேய்ந்த உலோகமும், டீசல் எரிந்ததால் வந்த புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களும் இருக்கின்றன. மாடு நக்கினால் அவை பாலுக்கு வரலாம். கிணற்றடியில் கொட்டுவதும் அப்படித்தான். ஒரு பங்கு கழிவு ஆயில் பத்து லட்சம் பங்கு நல்ல தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. நம் நாட்டிலும் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி இது அபாயகரமான கழிவு.

ஒரு மூடியுள்ள கேனில் சேர்த்து வைத்து, முறையாக எடுத்துப்போகும் சர்வீஸ் சென்டரிலோ, அனுமதி பெற்றுச் சேகரிப்பவரிடமோ கொடுங்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் உள்ள ஊரில் எல்லோருடையதையும் ஒரே பேரலில் சேர்த்தால் அவர்களே வந்து எடுப்பார்கள். சும்மா வந்து கேட்டு வாங்கிப்போகும் ஆளிடம் கொடுத்தால் அது எந்தக் கேனில் திரும்பி வரும் என்று உங்களுக்கே தெரியும். காலியான வாளியைத் தண்ணீர் பிடிக்கவோ, தீவனம் வைக்கவோ வேண்டாம். காயலான் கடைக்குப் போடும் முன் அடியில் கடப்பாரையால் ஓட்டை போட்டு, பெயர்த் தாளைக் கிழித்துவிட்டுப் போடுங்கள்.